வாய்விட்டு எண்ணியவர்

“ஒண்ணு...” என்றார் ஹோல்கர். தோரா சட்டத்தின் கீழ்விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு...” மூன்று என்று அவர் சொல்லமாட்டார். மூன்று என்பது சொல் அல்ல, வேலை. அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் தூக்கினார்கள். குளிர்காலத்துக்கான உள்சன்னல் தன் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தது. “ஆச்சு” என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அவள் கையை எடுத்தாள்.

1962, அக்டோபரில் ஒரு ஞாயிறு. கோபன்ஹேகனின் வால்பி பகுதியில் இருந்த அந்த வீட்டில் ஆறு சன்னல்கள். வெயில்காலம் முழுக்க, குளிரைத் தடுக்கும் இந்த இரண்டாம் அடுக்குச் சன்னல்கள் பரணில் கிடக்கும். முதல் பனிக்கு முன் இறக்கி, துடைத்து, மாட்டவேண்டும். தோராவின் அம்மா போன பிறகு அது அப்பாவும் மகளும் செய்கிற வேலை ஆனது. அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலையும் அதுதான். அன்று அது தெரியாது. ஐந்தாவது சன்னலில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் மக்கு உதிர்ந்துவிட்டதே என்பதுதான் அன்றைய கவலை.

அவர் எல்லாவற்றுக்கும் எண்ணுவார். நாற்காலியை விட்டு எழ, காப்பிக் குடுவையைச் சாய்க்க, டிராமிலிருந்து இறங்க. ஒருமுறை பல் பிடுங்கப் போனவர், வாயைத் திறந்துகொண்டே எண்ணத் தொடங்கினார். வைத்தியர் இரண்டு வருவதற்கு முன்பே பிடுங்கிவிட்டார். வலியை அவர் பொருட்படுத்தவில்லை. “அந்த ஆளுக்குத் தொழில் தெரியல” என்று வேறு வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தார்.

ஆறடி மூன்றங்குலம் உயரம். வாசல் எவ்வளவு உயரமாக இருந்தாலும் தலை குனிந்துதான் நுழைவார். பழகாத நாற்காலியில் உட்காரும் முன் அதன் பின்காலை ஷூ முனையால் ஒரு தட்டு தட்டிப்பார்ப்பார். அவருக்கடியில் ஐம்பது நாற்காலிகளாவது உடைந்திருக்கும். எல்லாம் உடைவதற்கென்றே செய்யப்பட்டவை. உடையாத நாற்காலியை அவர் கடைசிவரை முழுதாக நம்பவில்லை.

அவருடைய தொழில், அந்த வீடு இருந்த அறுபது குடித்தனக் கட்டடத்தின் காவல், பராமரிப்பு. கொதிகலனுக்குக் கரி போடுவது, படிக்கட்டு கழுவுவது, பனி வாருவது, குழாய்க்கு வாஷர் மாற்றுவது. இருபத்தெட்டு வருடம் செய்தார். ஆனால் அறுபது வீட்டிலும் ஒருவரும் அவரை ஹோல்கர் என்று கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் கம்பம்.

கம்பமும் பீப்பாயும். ஒரு காலத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் டென்மார்க்கில் சிரிக்காதவர் இல்லை. பக்கத்து நாடுகளில் அந்தந்த மொழியில் பெயர் மாற்றி ஓட்டினார்கள். ஹோல்கர் கம்பம். எஸ்கில்ட் பீப்பாய். எஸ்கில்ட், கம்பத்தின் விலா எலும்புக்கு நேரே தலை வருகிற குள்ளமான, உருண்டையான ஆள். பதினைந்து வருடத்தில் முப்பத்தொரு படம். அந்தப் படங்களில் அவர்கள் எப்போதும் வேலை தேடி வருகிற இரண்டு பேர். வேலை கிடைத்த அரைமணி நேரத்தில் கூரை இடிந்துவிடும்.

அதனால்தான் ரொட்டிக்கடைக்காரம்மாள் தினமும் காலையில் கேட்பாள்: “என்ன கம்பம், பீப்பாய் எங்க?”

“ஊர்ல இருக்கான்மா. உருண்டு வர நேரமாகும்.”

“ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை என் கடைக்கு வாங்களேன். கடை இடிஞ்சாலும் பரவால்ல.”

“இடிச்சா நீதான் பெருக்கணும்.”

அவள் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்ததும் அந்தச் சிரிப்பு இருக்காது. இதைத் தோரா பலமுறை பார்த்திருக்கிறாள்.

படப்பிடிப்பு பெரும்பாலும் மேற்குக் கடற்கரையின் மணல்மேடுகளில் நடக்கும். ஒளிப்பதிவாளர் கேமராவின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் படத்தை ஓட்டுவார். சரியான வேகத்துக்காக ஒரு அணிவகுப்புப் பாட்டை முனகிக்கொண்டே சுற்றுவார். அடிதடிக் காட்சி வந்தால் பாட்டையும் சுற்றையும் மெதுவாக்குவார். அப்போதுதான் திரையில் ஆட்கள் விறுவிறு என்று ஓடுவார்கள். பேசாப் படம் என்று பெயர்தானே ஒழிய, எடுக்கிற இடத்தில் சந்தைக்கடைச் சத்தம். இயக்குநர் கத்துவார், தச்சர்கள் ஆணி அடிப்பார்கள். எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஹோல்கர் எண்ணுவார்.

அவர் எண்ணினால்தான் எஸ்கில்ட் அசைவார். பலகைக் காட்சி அவர்களுடைய முத்திரை. கம்பம் தோளில் நீளமான பலகையோடு நிற்பார். பின்னால் பீப்பாயின் தொப்பி கீழே விழும். “ஒண்ணு”, பீப்பாய் குனிவார். “ரெண்டு”, குனிந்தே இருப்பார். கம்பம் திரும்புவார். பலகை பீப்பாயின் முதுகுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சீறிக்கொண்டு போகும். “ஆச்சு”, பீப்பாய் நிமிர்ந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல வானத்தைப் பார்ப்பார். இப்படி மூன்று முறை. அவர் பலகையை ஒருதரம்கூடப் பார்க்கக்கூடாது. பார்த்தால் சிரிப்பு செத்துவிடும். கண்ணை முன்னால் வைத்துக்கொண்டு, பின்னால் வருகிற பலகைக்குக் காதை மட்டும் நம்பி நிற்பார்.

“நீயும் மனசுக்குள்ள எண்ணிக்கயேன்டா” என்று ஹோல்கர் ஒருமுறை சொன்னாராம்.

“எண்ணுறது உன் வேலை, விழுறது என் வேலை” என்றாராம் எஸ்கில்ட். “ரெண்டையும் நானே பண்ணிட்டா நீ எதுக்குடா, கொடி கட்டவா?”

காது கேளாதோர் பள்ளி ஒன்றிலிருந்து படக் கம்பெனிக்கு ஒரு கடிதம் வந்தது. தங்கள் மாணவர்கள் உதட்டசைவைப் படிப்பவர்கள். கம்பம் படம் முழுக்க எண்ணிக்கொண்டே இருக்கிறார், இடையிடையே கெட்ட வார்த்தையும் சொல்கிறார். எண்ணிக்கை இருக்கட்டும், மற்றதைக் குறைத்துக்கொள்ள முடியுமா? எஸ்கில்ட் அதைச் சட்டம் போட்டு ஒப்பனை அறையில் மாட்டிவைத்தார். “நாட்டுலயே அந்தப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான்டா உன் வசனம் புரிஞ்சிருக்கு” என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

பிறகு படங்கள் பேசத் தொடங்கின. 1932-இல் அவர்களுடைய முதல் பேசும் படம். கேமராவை ஒரு மரப்பெட்டிக்குள் பூட்டிவைத்து மோட்டாரால் ஓட்டினார்கள். மைக்கைப் பூந்தொட்டிக்குள் ஒளித்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் தும்மக்கூடாது. மூன்றாம் நாள் பலகைக் காட்சி. முதல் திருப்பம் சரியாக வந்தது. இரண்டாவதும் சரி. மூன்றாவதில் பலகையின் முனை எஸ்கில்டின் இடது காதில் இறங்கியது.

அவர் விழுந்தார். எழுந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார். விளக்கு அணைந்த பிறகுதான் காதிலிருந்து ரத்தம் வருவதைப் பார்த்தார்கள்.

அந்தத் துண்டை இயக்குநர் படத்திலேயே வைத்துக்கொண்டார். படம் வெளியான அன்று அரங்கம் அந்த இடத்தில்தான் அதிகம் சிரித்தது. ஹோல்கர் அப்போது வெளியே தொப்பிகள் மாட்டும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லை.

எஸ்கில்டுக்கு இடது காது போய்விட்டது. அடுத்த இரண்டு படங்களில் மற்றவர்களின் வசனம் எப்போது முடிகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. பேசவேண்டிய இடத்தில் சும்மா நிற்பார். சும்மா நிற்கவேண்டிய இடத்தில் பேசுவார். 1934-இல் கம்பெனி கைகழுவிவிட்டது. எஸ்கில்ட் ஃபூனன் தீவில் ஸ்வென்போர்க் நகரத்துக்கு, தன் அக்கா வீட்டுக்குப் போய், படகுத்துறையில் புகையிலைக் கடை வைத்தார். ஹோல்கர் கரிவாரியைக் கையில் எடுத்தார்.

சண்டை என்று ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அட்டை போடுவார்கள். “இங்கே மழை. நலம்.” “இங்கே காற்று. நலம்.” இருபத்தெட்டு வருடத்தில் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. தோரா சிறுமியாக இருந்தபோது கேட்டிருக்கிறாள். அப்பாவிடமிருந்து வருவது ஒரே பதில்: “நான் திரும்பினது லேட்டும்மா. அவன் நிமிரும்போது பலகை இன்னும் அங்க இருந்துச்சு.” எண்ணிக்கொண்டு எழுந்து, கொதிகலனைப் பார்க்கப் போய்விடுவார்.

அந்த வருடம் செப்டம்பரில் படக் காப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. பழைய பேசும் படத்துக்குப் புதுப் பிரதி எடுத்திருக்கிறார்கள். நவம்பரில் திரையிடப்போகிறார்கள். இருவரும் வந்து முன்வரிசையில் உட்காரவேண்டும். எஸ்கில்ட் வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார். ஹோல்கர் கடிதத்தை நாலு நாள் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்தார்.

“அவன் பக்கத்துல உக்காந்து நான் அதைப் பாக்கணும்னா, அதுக்கு முன்னாடி அவன்கிட்ட ஒண்ணு சொல்லியாகணும்” என்றார். “சொல்லாம உக்கார முடியாது.”

“அப்ப போய்ச் சொல்லிட்டு வாங்கப்பா.”

“சன்னல் மாட்டிட்டுப் போறேன்.”

தோரா பொறியாளர். ஒலியை அளக்கும் கருவிகள் செய்கிற தொழிற்சாலையில் வேலை. அப்பாவின் மனதில் முப்பது வருடமாகக் கிடக்கிற ஒரு விஷயம் அளக்கக்கூடியது என்று அவளுக்குத் தோன்றியதும், சும்மா இருக்க முடியவில்லை. காப்பகத்தில் அனுமதி கேட்டு, ஒரு சனிக்கிழமை அந்தச் சுருளை ஒளிமேசையில் விரித்தாள். ஒரு நொடிக்கு இருபத்துநாலு படக்கட்டம். படத்தின் ஓரத்தில் ஒலி ஒரு வரிக்கோடாக ஓடும். அந்தக் கோட்டில் அவள் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. வாயை மூடிக்கொண்ட ஹோல்கர் குதிகாலால் எண்ணியிருக்கிறார். மரத்தரையில் இரண்டு மெல்லிய தட்டு. பிறகு திருப்பம்.

அவள் எண்ணினாள். முதல் திருப்பத்தில் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே பதினெட்டுக் கட்டம். இரண்டாவது தட்டுக்கும் திருப்பத்துக்கும் நடுவே பதினெட்டு. அடுத்த திருப்பத்திலும் அப்படியே. அடி விழுந்த மூன்றாவதிலும் பதினெட்டு, பதினெட்டு. ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை. மாறியது எஸ்கில்ட். முதல் இரண்டு முறையும் நிமிர்ந்த நேரத்தைவிட எட்டுக் கட்டம் முன்னால் நிமிர்ந்திருக்கிறார். நொடியில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று முறை எண்ணிச் சரிபார்த்து, தாளில் எழுதிக்கொண்டாள்.

ஆறாவது சன்னல் மாட்டி முடிந்ததும் அந்தத் தாளை அப்பாவிடம் கொடுத்தாள். அவர் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“இது என்னம்மா?”

“நீங்க லேட்டில்லப்பா. துல்லியமா இருந்திருக்கீங்க. மூணு தடவையும்.”

“குதிகாலா?” அவர் தன் ஷூவைக் குனிந்து பார்த்தார். “அது எனக்கே தெரியாது.” “அப்ப அவன்?” என்றார்.

“எட்டுக் கட்டம் முன்னாடி நிமிர்ந்துட்டார். அவ்வளவுதான். முப்பது வருஷமா உங்க தப்புன்னு நினைச்சுக்கிட்டு இருந்தீங்களே, அது இல்ல.”

அவர் முகம் தெளியும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். தெளியவில்லை. தாளை நாலாக மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“இதை அவன்கிட்ட காட்டாத.”

“ஏம்ப்பா?”

“அவன் ஏன் எட்டுக் கட்டம் முன்னாடி நிமிர்ந்தான்? அது இதுல இருக்கா?”

“அது படத்துல வராதுப்பா.”

“வராது. நான் சொல்றேன்.” ஏணியின் கட்டையைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே சொன்னார். “அன்னிக்குக் காலையில இயக்குநர் என்கிட்ட வந்தார். மைக் இருக்கு, எண்ணக்கூடாது, எண்ணாம பண்ண முடியுமா, இல்ல இந்தக் காட்சியையே விட்டுடலாமான்னு கேட்டார். எஸ்கில்ட் ஒப்பனை அறையில இருந்தான். பத்து அடி தூரம். அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கல. ‘ரெண்டு பேருக்கும் பழக்கம்தான், முடியும்’னு சொல்லிட்டேன்.”

தோரா மடித்த தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“அவன் பிறந்ததுலேருந்து எண்ணினது இல்லம்மா. அவன் எண்ணுறது என் வாய்லதான் இருந்துச்சு. அதைத் தர மாட்டேன்னு முடிவு பண்ணது நான். அவனுக்குப் பதிலா ‘முடியும்’னு சொன்னதும் நான். விளக்கு எரிஞ்சப்பதான் அவனுக்கே தெரியும், சத்தம் வராதுன்னு. அப்பவும் நம்பி நின்னான்.” அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “லேட்டுன்னு உன்கிட்ட சொன்னேன் பாரு, அது சொல்ல சுலபமா இருந்துச்சு. உடம்புல வந்த தப்பு. இது அப்படி இல்ல. இதுக்கு எத்தனை கட்டம்னு நீதான் அளந்து சொல்லேன்.”

அவள் படித்த படிப்பில் அதற்கு வழி இல்லை. “காப்பி போடட்டுமா?” என்று கேட்டாள்.

“போடு. நான் இன்னிக்கே அவனுக்கு எழுதிடறேன், வெள்ளிக்கிழமை மத்தியான வண்டிக்கு வர்றேன், ஒண்ணு சொல்லணும்னு. வேற எதுவும் எழுதமாட்டேன். நேர்லதான் சொல்லணும்.”

எழுதினார். தானே போய் அஞ்சல்பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். திங்கள்கிழமை ரயில்நிலையத்தில் பயணச்சீட்டு வாங்கினார். செவ்வாயன்று முடி வெட்டிக்கொண்டார். முடிதிருத்துபவரிடம், “ஸ்வென்போர்க் போறேன், ஆள் பாக்கற மாதிரி இருக்கணும்” என்று சொன்னாராம். புதன்கிழமை காலை, கொதிகலன் அறையில், அவர் கரிவாரியோடு உட்கார்ந்த நிலையில் இருந்ததை இரண்டாம் மாடிக்காரர் பார்த்தார். மாரடைப்பு. வைத்தியர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தோராவுக்குத் தொழிற்சாலையில் தொலைபேசி வந்தது. அவள் அளந்துகொண்டிருந்த கருவியை அணைத்துவிட்டு, மேலங்கியைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அன்று மாலையே எஸ்கில்டின் அக்காவுக்குத் தந்தி கொடுத்தாள். மறுநாள் பதில் வந்தது: “வெள்ளி மதிய வண்டிக்கு நிலையத்தில் இருப்பேன். யாராவது வாருங்கள். எஸ்கில்ட்.”

அடக்கம் திங்கட்கிழமைதான். அப்பாவின் கறுப்பு மேலங்கியில், உள்பையில், பயணச்சீட்டு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவளே வண்டி ஏறினாள். நீரிணையைக் கப்பலில் கடக்கும்போது மேல்தளத்தில் நின்றாள். நல்ல காற்று. அளவுத்தாள் கைப்பையில் இருந்தது. அதைப் பார்க்காமல், அப்பா சொன்னதை வரிசையாக நினைவுபடுத்திக்கொண்டாள். காலையில் கேட்டது யார், என்ன கேட்டார், எஸ்கில்ட் எவ்வளவு தூரத்தில் இருந்தார், அப்பா சொன்ன வார்த்தை என்ன. எதையும் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது.

ஸ்வென்போர்க் நிலையத்தில் கடைசியாக இறங்கியவர்களில் அவளும் ஒருத்தி. நடைமேடையில் குள்ளமான, இளைத்துப்போன ஒரு கிழவர் நின்றார். அவரைப் பீப்பாய் என்று இனி யாரும் சொல்ல முடியாது. கையில் தொப்பி. தந்தி வந்திருந்தும், அவர் முகம் மேல்நோக்கி இருந்தது. ஒவ்வொரு பெட்டியின் வாசலிலும் உயரமான ஓர் ஆளின் தலை வரக்கூடிய இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகுதான் அவளைக் கண்டார்.

“தோராவா?” குரல் தேவைக்கு மேல் உரக்க இருந்தது. “அவன் உசரம்தான் உனக்கும். வா. அக்கா ஈல் மீன் வறுத்திருக்கா. சாப்பிடாம விடமாட்டா.”

“நான் நாலு மணி வண்டிக்குத் திரும்பணும் மாமா. அங்க வேலை இருக்கு.”

“இருக்கும், இருக்கும்.” அவர் நகரவில்லை. தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “இத்தனை வருஷம் மழையும் காத்தும்தான் எழுதினான். இந்தத் தடவை, வர்றேன், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு எழுதியிருந்தான். ரெண்டு நாளா அந்த அட்டையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் உன் தந்தி.” “என்னன்னு உன்கிட்டயாவது சொன்னானா?”

“சொன்னார்.”

பின்னால் ரயில் எஞ்சின் ஆவி விட்டது. எஸ்கில்ட் கையை உயர்த்தி அவளைப் பொறுக்கச் சொன்னார். அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து காதுக்கருவியின் சின்னப் பெட்டியை வெளியே எடுத்து, அதன் சக்கரத்தைக் கடைசிவரை திருகிவிட்டு, தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு, வலது காதை அவள் பக்கம் திருப்பினார்.